எங்கள் தெருவுக்கு வைத்த பச்சைப் பொட்டு

எங்கள் மாவட்டம் இன்னும் இருபது வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதற்காக என்னை நாலு நாள் வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். இருபது வருடம் எனக்குத் தெரியாது. நாளைக் காலை எட்டு மணி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் வீட்டு வாசலிலேயே சொல்லி அனுப்பியிருப்பேன்.

திண்டிவனத்துக்குத் தெற்கே, விழுப்புரம் போகிற பெரிய ரோட்டின் கிழக்கு ஓரத்தில் எங்கள் தெரு இருக்கிறது. திண்டிவனம் போகிற டவுன் பஸ் மேற்கு ஓரத்தில் நிற்கும். நடுவில் போக ஒரு ரோடு, வர ஒரு ரோடு, இரண்டுக்கும் இடையில் அரளிச் செடி, கம்பி வேலி. தாண்டுவதற்கு வழி கிடையாது. பாலம் இருக்கிற இடம் வரைக்கும் நடந்து சுற்றி வந்தால் பஸ் போய்விடும். அதனால் எங்கள் ஆட்களே கம்பியை வளைத்து ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து வைத்திருக்கிறார்கள். என் மகள் ரோஸ்லின் அந்தச் சந்தில் நுழைந்துதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

போன மழைக்காலத்தில் அவளோடு படிக்கிற பக்கத்து வீட்டு கவிதாவை அங்கே ஒரு கார் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. உயிர் இருக்கிறது. கால் கோணிக்கொண்டது, படிப்பு நின்றது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர்தான் ரோஸ்லினைக் கையைப் பிடித்துத் தாண்டிவிட்டுப் பிறகு கட்டட வேலைக்குப் போகிறார். தாமதமாக வருகிற ஆளை மேஸ்திரி எத்தனை நாள் வைத்துக்கொள்வார்? நான் தாண்டிவிடலாம்தான். ஆனால் அந்த ரோட்டில் எனக்குக் கால் வராது. லாரி தூரத்தில் வரும்போதே முட்டி பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நடுவில் அரளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், யாரோ வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை நின்றேன்.

நான் கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். “இன்னா மேரி, பெரிய ஆளுங்க வர்ற கூட்டம்னு சொல்ற. சுரங்கப்பாதை வருதுன்னு அவங்க வாயால வந்துச்சின்னா பொண்ணு படிக்கட்டும். இல்லன்னா முழுப்பரீட்சையோட நின்னுடட்டும். தெனம் காலையில எனக்கு உசுரு போய்ட்டு வருது.”

ரோஸ்லின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பைக்கு ஜிப் போட்டுவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “யம்மா, சுரங்கப்பாதைன்னே சொல்லு. ‘எதுனா வழி பண்ணுங்க’ன்னு சொல்லிடாத. அப்புறம் ‘மெதுவாகச் செல்லவும்’னு ஒரு போர்டு வச்சிட்டுப் பூடுவாங்க.”

எங்கள் மகளிர் குழுவிலிருந்து என்னை அனுப்பியதற்குப் பெரிய காரணம் இல்லை. நான் ஏழாவதோடு நின்றவள். என்னைவிடப் படித்தவர்களுக்கெல்லாம் அந்த வாரம் வேலை இருந்தது. எனக்கு இல்லை. அதுதான் தகுதி.

வேனில் என்னோடு ஊர்ப் பிரதிநிதிகள் என்று இரண்டு பேர். காணைப் பக்கம் கரும்பு போடுகிற கோதண்டம் அண்ணன், பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் விற்கிற அஞ்சலை அக்கா. முகையூர்ப் பிரதிநிதி வரவில்லை. இருபது வருடத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காத்திருக்க முடியாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். எங்களை அழைத்துப் போனவர் சுகன்யா மேடம். சென்னைப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், இந்தக் கூட்டங்களை நடத்துகிற தொண்டு அமைப்பில் வேலை. நல்ல பெண்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

முதல் நாள் காணை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்கு முன்னால் இரண்டு டிப்பரை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. கரும்பு இரண்டு பக்கமும் ரோட்டை அடைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அடிக்க, டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னா ஜல்தி? கரும்புதானே, பொறந்த கொழந்தையா?” என்றார். எனக்கென்னவோ அந்த வேகம் பிடித்திருந்தது. எல்லா வண்டியும் இப்படிப் போனால் எனக்குச் சுரங்கமே வேண்டாம்.

கோதண்டம் அண்ணன் வீட்டில் டீ. பெரிய வீடு, முன்னால் மாட்டுக் கொட்டகை, சுவரில் டைல்ஸ். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். எந்த டம்ளரில் வரும் என்று உள்ளே போகும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். பேப்பர் கப்பில் வந்தது. எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். சுகன்யா மேடத்துக்கும். அவருக்கும். தம் வீட்டில் தாமே பேப்பர் கப்பில் குடித்தார் மனிதர். உள்ளே அலமாரியில் வெள்ளி மாதிரி அடுக்கிய டம்ளர்கள் கண்ணாடி வழியே தெரிந்தன. யாரையும் வித்தியாசப்படுத்தவில்லை என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி. நான் குடித்து முடித்து, கப்பை நானே கொண்டுபோய் வெளியே போட்டேன். பழக்கம்.

ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். தரையில் கோலமாவால் மாவட்டத்தை வரைந்திருந்தார்கள். சுகன்யா மேடம் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். “இருபது வருஷம் கழிச்சு உங்க ஊர்ல நடந்து போறீங்க. என்ன பாக்குறீங்க? கற்பனை பண்ணுங்க.”

எல்லோரும் மூடினோம். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட ஆரம்பித்தார். ஒரு வயதானவர் கண்ணைத் திறக்காமலே, “நான் தெரியலியே மேடம். என் போட்டோதான் தெரியுது, மாலை போட்டு” என்றார். கூடமே சிரித்தது. மேடம் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

நானும் பார்த்தேன். கண்ணை மூடினால் எனக்கு ரோடுதான் தெரிந்தது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை. பின்னாலேயே ஹாரன். கண்ணைத் திறந்துவிட்டேன்.

இரவு விழுப்புரத்தில் அமைப்பின் விடுதியில் படுத்தோம். எங்கள் தெருவில் ராத்திரி பூராவும் லாரிச் சத்தம். அதில் தூங்கித்தான் பழக்கம். விடுதியின் அமைதியில் அஞ்சலை அக்காவுக்கும் எனக்கும் தூக்கம் வரவில்லை. “ஒனக்கு லாரி, எனக்கு அலை. ரெண்டு பேருக்கும் தாலாட்டு ஒண்ணுதான், தூக்கின்னு போறது” என்றாள். அவள் வீட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். மூன்றாம் நாள் பார்க்கப்போகிறேனே, அங்கே சொல்கிறேன்.

இரண்டாம் நாள் முகையூர்ப் பக்கம். போகிற வழியில் தார் ரோட்டை மறைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் உளுந்து உதிரும். அடிக்கிற கூலி மிச்சம். டிரைவர் நிறுத்தித் தயங்க, ஓரத்தில் முறத்தோடு நின்ற அம்மா, “ஏறிப் போ தம்பி, அதுக்குத்தானே போட்டுக்கினு நிக்கிறோம்! கார்க்காரன்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போறான், பேஜாராக்கீது” என்றார். ஏறினோம். கொஞ்ச தூரத்தில் புகை வாடை. செடி அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் ரோட்டில் மல்லாந்து படுத்து அதை அறுத்து இழுத்துக்கொண்டிருக்க, நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றேன், வண்டி எதுவும் வந்து அவர் காலில் ஏறிவிடக் கூடாதே என்று. வந்தது ஒரு மாடு மட்டும்.

மணி எட்டு தாண்டியிருந்தது. ரோஸ்லினும் அவள் அப்பாவும் இப்போது ரோட்டோரம் வந்திருப்பார்கள். ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். டவர் இல்லை. வேனை விட்டு இறங்கி வரப்பில் ஏறினேன். இல்லை. கை உயர்த்திப் பிடித்தேன். கோதண்டம் அண்ணன் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, சிலை மாதிரி நிக்கிற?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு கோடு டவர் இருந்தது.

“ஏறிட்டேன் யம்மா,” என்றாள் ரோஸ்லின். பஸ்ஸுக்குள் கூச்சல். “நீ சாப்டியா? சுரங்கப்பாதை சொன்னியா?”

“இன்னும் இல்ல. கடைசி நாள்தான் மேடை.”

“சரி, அப்பாவுக்கு நேரமாயிடுச்சின்னு கத்திக்கினே போனாரு. வச்சிட்றேன்.”

அதற்குப் பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டேன்.

முகையூர்க் கூட்டத்தில் நடந்தது எனக்குச் சாகும்வரை மறக்காது. அங்கே படம் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலை, ரோடு. படிக்காதவர்களும் கருத்துச் சொல்லலாம் என்பதற்காக ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எது முக்கியமோ அந்தப் படத்தின் மேல் வைக்க வேண்டும். நல்ல யோசனைதான். மேடம் டிரைவரிடம் வாங்கிவரச் சொன்னார். எந்த மல்லாட்டை என்று சொல்லவில்லை. அவர் டீக்கடை பக்கத்தில் தள்ளுவண்டியில் வறுத்ததை வாங்கிவந்தார். சூடாக இருந்தது. வாசம் கூடம் முழுக்க.

வந்திருந்தவர்கள் அன்றைக்குக் களை எடுக்கப் போகாமல் வந்தவர்கள். விடியற்காலை கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். தொடங்கி வைக்க வேண்டியவர் வரவில்லை. இதோ வருகிறார், திருக்கோவிலூர் தாண்டிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் கடைசியில் வந்து, விளக்கேற்றி, “இனி மக்கள் தங்கள் முன்னுரிமையை வைக்கலாம்” என்றபோது யார் கையிலும் ஒன்றும் இல்லை. தரையெல்லாம் தோல்.

சுகன்யா மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஐயோ, அது உங்க ஓட்டும்மா!”

முன்வரிசையில் இருந்த பெண் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஓட்டுன்னா சொல்ல வேணாமா? நல்லா வறுத்துக் குடுத்தா இன்னா பண்ணுவோம்? தோலு இருக்குது, அத்த வக்கட்டுமா?”

அஞ்சலை அக்கா என் காதில் சொல்லாமல் சத்தமாகவே சொன்னாள். “பசிக்குதான் எல்லாரும் போட்டிருக்காங்க மேடம். அப்படியே எழுதிக்கோங்க.”

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். ஆனால் பசிக்கு அங்கே படம் இல்லை. அதனால் எழுதவில்லை.

மூன்றாம் நாள் கடல். எங்கள் மாவட்டத்தில் கடல் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, இந்த வயது வரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. திண்டிவனத்திலிருந்து பஸ் இருக்கிறது. போக வேலை இல்லை, அவ்வளவுதான். பாண்டிச்சேரி நெரிசலில் வேன் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து கோட்டக்குப்பம் தாண்டி, பொம்மையார்பாளையத்தில் தென்னைக்கு நடுவில் இறங்கினால், தெருக் கோடியில் வானம் கீழே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் கடல் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அழகாக இருந்தது என்று சொல்ல மனசு வரவில்லை. அதன் சத்தம் ராத்திரியில் எங்கள் ரோடு மாதிரியே இருந்தது.

அஞ்சலை அக்கா வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், சோறு. அந்தக் குழம்பை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட இடத்தையும் எங்கேயும் பார்த்ததில்லை. சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஏனென்றால் வீட்டில் மீதம் இருந்தது அதுதான். கூடமும் படுக்கிற அறையும் இருந்த இடத்தில் மணல், அதற்கப்பால் அலை. கதவு இருந்த நிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் வழியாகக் கடலைப் பார்க்கலாம்.

“கல்லு கொட்டிட்டா நிக்கும்,” என்றாள் அக்கா. “அந்தாண்ட கொட்னாங்க, அங்க நின்னுச்சி. அங்க நின்னதால இங்க ஜாஸ்தியா ஏறுது. எங்களுக்கும் கொட்டுங்கன்றோம்.”

கொஞ்சம் தள்ளி ஒரு விருந்தினர் விடுதி. மாலைக் கூட்டம் அங்கேதான். வாசலில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, கண்ணாடி டம்ளரில் எதையோ உறிஞ்சிக்கொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மேடத்தைக் கேட்டேன். “இந்த இடம் எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொல்றாங்கக்கா.”

“அமைதியாத்தான் திங்குது,” என்றாள் அஞ்சலை அக்கா.

கூட்டத்தில் அவள் கல் என்று சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். போர்டில் ‘கடலோரப் பசுமை’ என்று எழுதினார்கள். கல் அதற்குள் வந்துவிடும் என்றார் மேடம். அக்கா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.  கல்லுக்கே இந்தக் கதி என்றால் சுரங்கப்பாதை என்ன ஆகும்? ‘பாதுகாப்பான பயணம்’ என்று எழுதிவிட்டால்? ரோஸ்லின் பாப்பா சொல்லி அனுப்பியது சரிதான். இறுக்கிப் பிடித்துச் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி படுத்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சுரங்கப்பாதை. சுரங்கப்பாதை.

நாலாம் நாள், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். இதுவரை பார்த்த கூட்டமெல்லாம் கூட்டமே இல்லை. வாசலில் இரண்டு பக்கமும் பேனர். ‘எங்கள் பகுதிக்குச் சமுதாயக் கூடம் தரவிருக்கும் அண்ணனுக்கு நன்றி.’ ‘ஏரி தூர்வார ஆணையிட இருக்கும் ஐயாவுக்குக் கோடானு கோடி நன்றி.’ கோதண்டம் அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். வேண்டியதைக் கேட்டு மனுக் கொடுத்தால் மனுவோடு மனுவாகப் போய்விடும். முன்கூட்டியே நன்றி சொல்லி நாலு பேர் பார்க்க பேனர் வைத்துவிட்டால், செய்யாமல் இருக்க அவருக்கே கூச்சமாகிவிடும். எங்கள் தெருத் தண்ணீர் டேங்க் அப்படி வந்ததுதான் என்று அவரிடம் சொன்னேன். நன்றி பேனர் வெயிலில் வெளுத்த பிறகு டேங்க் வந்தது, ஆனால் வந்தது.

நான் பேச வேண்டியது பதினோரு மணிக்கு. அதற்கு முன்னால் பொன்னாடை. மேடையில் இருந்தவர்களுக்கு, அவர்களோடு வந்தவர்களுக்கு, மேடைக்கு வரமாட்டேன் என்று கீழே உட்கார்ந்தவர்களுக்கு, பெயர் விட்டுப்போய்க் கோபித்துக்கொண்டவருக்கு இரண்டாம் தடவை. பின்னால் பிரியாணி டப்பாக்கள் வந்து இறங்கிவிட்டன. சுகன்யா மேடம் வேர்த்துப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

“மேரிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பிரதிநிதிங்க பேசறதை எடுத்துட்டாங்க. டைம் இல்ல. ஆனா உங்களை விடல. நன்றியுரை நீங்கதான். ரெண்டே நிமிஷம்.”

“மேடம், நான் சுரங்கப்பாதை சொல்லணும்.”

“நன்றியுரையில கோரிக்கை வைக்கக் கூடாதுக்கா. மரியாதை இல்ல.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் போனதும் கோதண்டம் அண்ணன் பக்கத்தில் வந்தார். “இன்னாத்துக்கு அழுவுற? வாசல்ல பாக்கல? கோரிக்கையாத்தான் வைக்கக் கூடாது. நன்றியா வை. ‘எங்க தெருவுக்கு சுரங்கப்பாதை குடுத்ததுக்கு நன்றி’ன்னு அத்தினி பேரு முன்னால சொல்லிட்டேன்னா, அந்தாளு எப்படி இல்லேன்னுவான்?”

“பொய்யாயிடாதாண்ணே?”

“டேங்குக்குச் சொன்னியே, அது பொய்யா?”

அஞ்சலை அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. “நாங்களும் கல்லுக்கு நன்றின்னு பேனர் புடிச்சி போட்டோ எடுத்தோம்டி. கல்லு எங்க? நேராக் கேளு. வெரட்டுனா வெரட்டட்டும்.”

நேராகக் கேட்டு மைக்கைப் பிடுங்கிவிட்டால்? கை தட்டிச் சிரித்துவிட்டால்? அதற்கப்புறம் ஒன்றுமே சொல்ல முடியாமல் போய்விட்டால்? நான் எப்போதும் கெட்டது நடப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதனால் பாதுகாப்பாகத் தெரிந்ததைச் செய்தேன்.

மைக் என் உயரத்துக்கு மேலே இருந்தது. எல்லோர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னேன். தலைமை தாங்கியவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். “திண்டிவனம் பெரிய ரோட்டுல எங்க தெருப் பிள்ளைங்க பஸ்ஸுக்குத் தாண்டிப் போறதுக்கு சுரங்கப்பாதை குடுத்த ஐயாவுக்கு எங்க தெரு சார்பா நன்றி. எங்க பிள்ளைங்க படிப்பு நிக்காம காப்பாத்துன ஐயாவுக்கு நன்றி.”

கைதட்டல். ஐயா கொஞ்சம் விழித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காதில் ஏதோ கேட்டார். அவரும் தெரியாது என்பது போலத் தலையசைத்தார். பிறகு ஐயா எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, அந்த நன்றியை வாங்கிக்கொண்டார். எவ்வளவு செய்கிறோம், எதையென்று ஞாபகம் வைப்பது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் கீழே இறங்கினேன். சொல்லிவிட்டேன் பாப்பா, சொல்லிவிட்டேன்.

மேடைக்கு ஓரத்தில் மாவட்டத்தின் பெரிய படம் இருந்தது. இனிமேல் செய்ய வேண்டியதற்குச் சிவப்புப் பொட்டு, செய்து முடித்ததற்குப் பச்சை. காணைக்கு மூன்று சிவப்பு, முகையூருக்கு இரண்டு, பொம்மையார்பாளையத்துக்குக் ‘கடலோரப் பசுமை’ என்று ஒன்று. நான் இறங்கி வருவதற்குள் அமைப்பின் பையன் ஒருவன் திண்டிவனத்துக்குக் கீழே, எங்கள் தெரு இருக்கிற இடத்தில், பளிச்சென்று ஒரு பொட்டை ஒட்டிவிட்டான். பச்சை.

“தம்பி, அது இல்ல. அது இன்னும் வரல.”

“நீங்கதானம்மா இப்ப நன்றி சொன்னீங்க?”

சுகன்யா மேடத்தைத் தேடிப் பிடித்தேன். சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அக்கா, வரவே இல்லையா? அப்புறம் ஏன் நன்றி சொன்னீங்க?”

 சென்னைப் பெண்ணுக்கு இதை எப்படி விளங்கவைப்பது? சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். “இப்ப சிவப்பு வச்சா ஐயா பொய்யா நன்றி வாங்கின மாதிரி ஆயிடும்க்கா. படத்தோட போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. சாதனைன்னு ஒரே ஒரு பச்சைதான் இருக்கு இன்னிக்கு. அத எடுத்துட்டா... நான் அடுத்த கூட்டத்துல பாக்கறேன். கண்டிப்பா.”

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசீலனையாம்.

அஞ்சலை அக்கா பிரியாணி டப்பாவைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “ஒனக்காவது பச்சை,” என்றாள். “பசுமைன்னு எழுதிட்டு எனக்கு செவப்பு வச்சிருக்கானுங்க பாரு.” இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் பாண்டிச்சேரி பஸ்ஸுக்குப் போனாள். கோதண்டம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேனர் கட்டுகிற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்படி ஆவும்னு நான் இன்னாத்தக் கண்டேன்” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேசியது நான்.

திண்டிவனம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் தெருவில் நிறுத்தமாட்டேன் என்றார். கெஞ்சி இறங்கினேன். மேற்கு ஓரம். சாயங்கால வெளிச்சம். பஸ் புறப்பட்டதும் எதிரே தெரு தெரிந்தது. ரோஸ்லின் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். வராதே என்று கையைக் காட்டினேன். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து, கம்பிச் சந்தில் நுழைந்து, அரளிக்கு இந்தப் பக்கம் குதித்து, என்னிடம் வந்துவிட்டாள். 

“சொன்னியா?”

அமைப்பு அனுப்பிய போட்டோவைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தாள். “யம்மா, பச்சைன்னா முடிஞ்சிட்டுதுன்னு போட்டிருக்கு.”

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை. அந்தப் பொட்டை இன்னும் பெரிதாக்கினாள். லாரிகள் எங்கள் புடவையையும் பாவாடையையும் இழுத்துக்கொண்டு போயின.

“அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது,” என்றாள்.

“வேணாம் பாப்பா.”

“நீ ஒண்ணும் பேசாத. நான் படிச்சிக் காட்றேன்.”

அவள் என் கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள். வீட்டில் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ரோஸ்லின் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “யப்பா, பாரு. மாவட்டத்துலயே நமக்கு மட்டுந்தான் பச்சை. சேங்ஷன் ஆயிடுச்சி.”

அவர் என்னைப் பார்த்தார். “மெய்யாலுமா மேரி?”

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்பதில் எனக்கு என்ன சமாதானமோ தெரியவில்லை.

அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாயிற்று. போனை வாங்கிப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தார். கவிதாவின் அம்மாகூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னார். “அப்ப படிக்கட்டும். எனக்கு இன்னா, பொண்ணு படிக்கக் கூடாதுன்னா ஆசை? ஆனா மேரி, பாதை வர்ற வரைக்கும் நீ தாண்டிவுட்டுடு. வேற ஆளப் பாத்துட்டேன்னு மேஸ்திரி இன்னிக்கு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான். கொஞ்ச நாளைக்குத்தானே?”

“கொஞ்ச நாளைக்குத்தான்,” என்றாள் ரோஸ்லின், என்னை முந்திக்கொண்டு.

மறுநாள் காலை அவர் நேரத்தோடு வேலைக்குப் போய்விட்டார். நானும் ரோஸ்லினும் ரோட்டோரம் நின்றோம். யார் கையை யார் பிடித்திருந்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு பாதி தாண்டி, சந்தில் நுழைந்து, அரளிக்கு நடுவே நின்று, மறு பாதி தாண்டினோம். பஸ் வந்தது. அவள் படியில் தொற்றிக்கொண்டு ஏறினாள். பஸ் போய்விட்டது.

வீடு எதிரே இருக்க, நான் மேற்கு ஓரத்தில் தனியாக நின்றேன். லாரி போனது, அதை ஒட்டி ஒரு பஸ், அதை முந்திக்கொண்டு ஒரு கார். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் ஒரு காலை எடுத்து வைத்தேன், வைத்த காலைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். நாளைக்கும் வரவேண்டும். அதற்கு மறுநாளும். பன்னிரண்டாவது முடிக்கும்வரைக்கும். அதற்கப்புறம் அவள் படிக்க ஆசைப்படுகிற காலேஜும் இந்தப் பக்கம்தான்.